வண்டிப் பக்கம் மறைப்பு வேண்டாம்

எங்கள் காருக்குக் கேமரா வாங்கி மாட்டியது என் கொழுந்தன். போலீஸ்காரன், வேறு மாவட்டத்தில் வேலை. சாட்சி இல்லாமல் சூரியன் உதித்தால்கூட அவன் நம்ப மாட்டான். லீவில் தென்காசிக்கு வந்தவன், சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து, உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி, வயரை ஓரமாகச் செருகி, அரை நாள் அந்தக் காருக்குள்ளேயே கிடந்தான்.

“இது சட்டப்படி சரிதானாலே?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர். அவர் இன்சூரன்ஸைக்கூட ஒரு மாதம் முன்பே கட்டிவிடுகிற ஜாதி.

“ரோட்ட யாரு வேணாலும் படம் எடுக்கலாம்ணே. ஓட்டுதவன் கண்ண மறைக்காம மாட்டணும், அவ்வளவுதான். வேண்டாம்னு எந்தச் சட்டமும் சொல்லல” என்றவன், என் பக்கம் திரும்பி, “மைனி, பேட்டரியில நேராக் குடுத்துருக்கேன். வண்டிய நிப்பாட்டிப் போட்டாலும் ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றான். அதற்கு நாங்கள் எல்லோரும் அவனைப் பாராட்டினோம். நானே இரண்டாவது தடவை காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நிறுத்திப் போட்ட வண்டி எதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. முதல் வாரத்தில் அது எங்கள் தெருவைப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் விடிந்ததும் விடியாததுமாகத் தன் வீட்டுக் குப்பையை எங்கள் சுவரோரம் வைத்துவிட்டு, யோகாசனம் செய்கிறவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்து போவதை நான் அதில்தான் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். பதிவைப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது.

இப்போது குற்றாலத்தில் நாங்கள் உடை மாற்றும் முறையைச் சொல்லியாக வேண்டும். வெளியூர்க்காரர்கள் உடை மாற்றும் அறையைத் தேடிப் போய் வரிசையில் நின்று நடுங்குவார்கள். உள்ளூர்க்காரிகளுக்கு அந்த வரிசை ஆகாது. வண்டியைச் சுவரோரமோ மரத்தோரமோ நிறுத்தச் சொல்வோம். ஒருத்தி ஒரு சேலையை விரித்துப் பிடிப்பாள், இன்னொருத்தி உள்ளே நிற்பாள். ஈரத் துணி கழன்று விழுவதற்குள் காய்ந்த பாவாடை தலை வழியாக இறங்கி, பல்லில் கடிபட்டு, மற்ற வேலைகள் எல்லாம் அதற்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். இதற்கு இரண்டு கையும் முப்பத்திரண்டு பல்லும் வேண்டும். என் அம்மா காலத்திலிருந்து இப்படித்தான், யாரும் யாரையும் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை நல்ல சாரல். புளியங்குடியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தாள். ஐந்தருவிக்குப் போய் வரலாம் என்று கிளம்பினோம். குளித்தால் தூக்கம் வந்துவிடும் என்பதால் என் வீட்டுக்காரர் அருவிக்குப் போகிற அன்று ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். அச்சன்புதூரிலிருந்து ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிடுவோம். நாற்பது வயதுக்காரர். வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் பல வருடம் கார் ஓட்டிவிட்டு, தங்கச்சி கல்யாணத்துக்காக வந்தவர். அதே வீட்டுக்குத் திரும்பிப் போக விசா வந்துவிட்டது. போலீஸ் கிளியரன்ஸ் ஒன்றுதான் பாக்கி. இவர்மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அது வருகிறவரைக்கும் கிடைத்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். போகிற வழியெல்லாம் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

குளித்து வந்ததும் என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே மிளகாய் பஜ்ஜி இருக்கும் திசையில் போய்விட்டார். டிரைவர், நாங்கள் ஒன்றும் சொல்லாமலே, தூரத்தில் ஒரு மரத்தடிக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். பின்பக்கமும் ஒரு பக்கமும் சுவர் இருந்த மூலையில் வண்டி நின்றது. நாத்தனார் முதலில் மாற்றிக்கொண்டாள், ஆனால் காருக்குள் உட்கார்ந்தே மாற்றினாள். அவள் குள்ளம், அவளுக்கு அது முடியும். எனக்கு முடியாது. நான் வண்டியின் மூக்குக்கு முன்னால் போய் நின்றேன். அவள் சேலையை விரித்தாள்.

“வண்டிப் பக்கமும் மறைக்கணுமா மைனி?”

“அங்கன யாரு இருக்கா? ரோட்டுப் பக்கம் பிடி, போதும்.”

அப்படியாக, ஆள் நடமாடும் பக்கமெல்லாம் அழகாக மறைத்துவிட்டு, கேமரா இருக்கும் பக்கத்தை மட்டும் விசாலமாகத் திறந்து வைத்தோம். எங்கள் வண்டிதானே என்கிற நினைப்பு. சொந்த வண்டியை யாராவது அன்னியராக நினைப்பார்களா?

பாவாடை பல்லில் இருந்தபோது “டமார்” என்று ஒரு சத்தம். யாரோ கத்தினார்கள். நாத்தனார் பயந்து சேலையைக் கீழே போட்டுவிட்டாள். நான் கத்தவும் முடியாது, வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும். அப்படியே தாவி முன்சீட்டுக்குள் விழுந்து கதவைச் சாத்தி ஹாரனை அழுத்தினேன். நாத்தனார் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள், டிரைவர் ஓடி வந்தார். “எடுங்க தம்பி, எடுங்க” என்று சீட்டுக்கு அடியில் குனிந்தபடி கத்தினேன். சாத்தப்பட்ட கண்ணாடிக்கு வெளியே கூட்டம் சேர்வது தெரிந்தது. கூட்டம் என்னைப் பார்க்கத்தான் சேருகிறது என்று நினைத்தேன். பஜ்ஜிக் கடையில் என் வீட்டுக்காரரைப் பிடித்து ஏற்றிக்கொண்டு, நேரே வீடு வந்து சேர்ந்தோம்.

கூட்டம் என்னைப் பார்க்க வரவில்லை. ரிவர்ஸில் வந்த ஒரு வெள்ளைக் கார், மங்குஸ்தான் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அக்காவின் காலில் ஏறிவிட்டுப் போய்விட்டது. எலும்பு முறிந்து, அவர் பெரியாஸ்பத்திரியில். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் நிற்கிற கார்களில் பாதி வெள்ளைதான், எங்களுடையதும் வெள்ளை. இடித்த வண்டியின் நம்பரை யாரும் பார்க்கவில்லை. அடுத்த நிமிடமே டிரைவர் தலைதெறிக்க ஓடி வந்து ஏறி, பறந்தடித்துக்கொண்டு போன இன்னொரு வெள்ளை வண்டியை ஊரே பார்த்தது. நம்பரைக் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து போன். வண்டி யாருடையது, ஓட்டியது யார்? உண்மையைச் சொன்னேன். அன்று மத்தியானமே டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வண்டி அசையவே இல்லை என்று நான் போய்ச் சொன்னேன். “ஓனர் வேற எப்படிம்மா சொல்லுவிய?” என்றார் ரைட்டர். வழக்குப் பதிவானால் கிளியரன்ஸ் வராது. கிளியரன்ஸ் வராவிட்டால் விசா போய்விடும். பிறகு அரபி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மறுநாள் வரச் சொல்லி வெளியே விடப்பட்ட டிரைவர், ஸ்டேஷன் வாசலில் இதை என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. “கால் முறிஞ்ச அந்த அக்கா எப்படி இருக்காவ டீச்சர்?” என்றுதான் கேட்டார்.

“ஏட்டி, நம்மகிட்ட கேமரா இருக்குல்லா!” என்று ராத்திரிச் சாப்பாட்டில் துள்ளினார் என் வீட்டுக்காரர். கொழுந்தன் லீவு முடிந்து அன்றுதான் வேலைக்குக் கிளம்புவதாக இருந்தான். தன் கேமரா கேஸ் பிடிக்கப் போகிற பெருமையில் பயணத்தைத் தள்ளிப் போட்டான். கார்டைக் கழற்றி, ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் செருகினான். போனின் குட்டித் திரையில் நம்பர் தெரியாதாம். நாத்தனார், அன்று வந்து சேர்ந்த அவள் வீட்டுக்காரர், என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான் என எல்லோரும் கிரிக்கெட் பார்க்க உட்காருவது போல் உட்கார்ந்தோம்.

முதலில் பக்கச் சுவர் வந்தது. பிறகு சேலை. சேலைக்கு மேலே தூரத்தில் பழக்கூடைகளும் ஒரு வெள்ளைக் காரின் கூரையும். “ஆ, அதுதான், அதுதான்!” என்றான் கொழுந்தன். அடுத்து, ஆளுயரத்தில், பல்லில் பாவாடையோடு, நான்.

என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் பாய்ந்தார். கொழுந்தன் சட்டென்று சுவர்க் காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு என்று பார்க்க ஆரம்பித்துவிட்டான். நாத்தனாரின் வீட்டுக்காரர் கொல்லைப்புறம் போய்விட்டார். ரிமோட்டை யாருக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அது நாத்தனாருக்கு அடியில் இருந்தது. அதற்குள் “டமார்” சத்தம் வந்து, சேலை விழுந்து, வெள்ளைக் காரின் பின்பக்கம் நம்பர் பிளேட்டோடு பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் வலது தோளுக்குச் சற்று மேலே, ஓர் எழுத்துகூட மங்காமல்.

வேடிக்கையைப் பாருங்கள். சேலை விழுந்ததால்தான் நம்பர் தெரிந்தது. சேலை விழுந்ததால்தான் நான் தெரிந்தேன். எங்கள் வண்டி அசையவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சியும் கிடையாது. ஓடுகிற வண்டியின் மூக்கில் நின்று எவள் உடை மாற்றுவாள்?

“அழிச்சிருலே” என்றார் என் வீட்டுக்காரர்.

“அழிச்சிரலாம்ணே. எங்க ஆளுவளப் பத்தி எனக்குத் தெரியும் மைனி. எல்லாரும் அப்படியில்ல. ஆனா ஒருத்தன் போதும். ஒரு போனுல ஏறிச்சின்னா அப்புறம் நான் எந்த ஸ்டேஷனுக்குன்னு போய் அழிக்க?” என்றான் கொழுந்தன். சாட்சி சாட்சி என்று அரை நாள் காருக்குள் கிடந்தவன்.

எனக்கும் பயம்தான். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. நான் பாடம் எடுக்கிற அறையில் பின்பெஞ்சில் இருக்கிற அத்தனை பேர் கையிலும் போன் உண்டு. அந்தப் படம் அங்கே வந்து சேர்ந்தால் நான் போர்டில் வட்டம் போட முடியாது, கோணம் சொல்ல முடியாது, வேலையை விட்டுவிட வேண்டியதுதான். அன்று ராத்திரி கார்டை என் பர்ஸில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் தென்காசி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிற என் பழைய மாணவியைப் போய்ப் பார்த்தேன். கணக்கில் என்னிடம் ஒரு தடவைகூடப் பாஸ் மார்க் வாங்காதவள். அதை இருவரும் நாகரிகமாக மறந்திருந்தோம்.

“நம்பர் தெரியுத இடத்த மட்டும் வெட்டிக் குடுத்தா என்ன?” என்று கேட்டேன்.

“வெட்டுனா அது சாட்சி இல்ல டீச்சர். இந்தக் கேமரா என் பொறுப்புல இருந்துச்சு, பதிவுல யாரும் கை வைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். ஒவ்வொரு பதிவுக்கும் விரல் ரேகை மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஒரு செகண்டு வெட்டுனாலும் அது மாறிரும். எதிர்க்கட்சி வக்கீல் முதல்ல கேக்குத கேள்வியே, வெட்டுன துண்டுல என்ன இருந்துச்சுங்குததுதான்.”

“பொம்பளை துணி மாத்துதத படம் எடுக்குதது குத்தம்தானே? அதச் சொல்லித் தடுக்க முடியாதா?”

“குத்தம்தான். ஜெயில் உண்டு. கேமரா யாரு பேருல வாங்கினிய?”

“கொழுந்தன் வாங்குனாலும் பில்லு எம்பேருலதான்.”

“அப்ப யாரப் பிடிச்சு உள்ள போடச் சொல்லுதிய?” என்று சிரித்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். டேஷ்கேம் என்கிற இந்தக் கார் கேமராவை வைக்கக்கூடாது என்று சட்டம் இல்லை. நம் வீட்டுக்குள் நாமே பார்த்துக்கொண்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் படத்தை ஊருக்குப் பரப்பினால்தான் வம்பு. என் படத்தை எவனாவது பரப்பினாலும் அவனை உள்ளே தள்ளலாம். உறையில் போட்டு சீல் வைத்துக் கொடுக்கலாம், பெண் அதிகாரிதான் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் இடித்த வண்டிக்காரனும் ஒரு பிரதி கேட்பான். என்னை மறைத்துக் கொடுக்கச் சொல்லி மனுப் போடலாம்.

“கோர்ட்டு கேக்குமா?”

“கேக்கும்னுதான் நினைக்கேன். சத்தியம் பண்ண மாட்டேன் டீச்சர்.”

கணக்கில்தான் மோசமே தவிர, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

அவள் எழுதிக் கொடுத்த மனுவோடு வெளியே வந்து டிரைவருக்குப் போன் செய்தேன். நம்பர் தெரிகிற பதிவு இருக்கிறது, ஆனால் அதில் நான் உடை மாற்றுகிறேன் என்று, வாய் கூசினாலும் சொல்லிவிட்டேன்.

“அது வேண்டாம் டீச்சர்” என்றார். “நாந்தான் இடிச்சேன்னு ஒத்துக்கிட்டு ஃபைனக் கட்டிருதேன். இங்கனயே வண்டி ஓட்டிப் பொழச்சிக்கிடலாம். ஒங்க மானத்த வச்சி நான் ப்ளைட் ஏறணுமா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து என் மானத்தைப் பற்றி ஆளாளுக்கு முடிவு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அழி என்கிறார், ஒருத்தன் அதற்கு ஆமாம் போடுகிறான், ஒருத்தர் அதற்காகச் செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. “நீங்க ஒண்ணும் ஒத்துக்கிட வேண்டாம். நேரா ஸ்டேஷனுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். என் மகள் வயது. வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு அறையிலிருந்த இரண்டு போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். தன் போனைக்கூட எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். எனக்கு அது அவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது. திரையை என் பக்கமும் கொஞ்சம் திருப்பி வைத்துப் பதிவை ஓட விட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவாடை வந்த இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“எங்கம்மையும் இப்படித்தான் மாத்துவா டீச்சர்” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் அந்தச் சிரிப்பில்தான் நகர்ந்தது.

நம்பரைக் குறித்துக்கொண்டார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். “வண்டி நின்ன இடம் இதுதானான்னு பாத்துச் சொல்லுங்க. உங்க வாக்குமூலத்துல எழுதணும்.”

அவர் உள்ளே வந்தார். திரை இருக்கும் பக்கம் தெரிந்ததும், அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அந்தச் சுவரில் காணாமல் போன பைக்குகளின் படங்கள் ஒட்டியிருந்தன.

“இங்கன திரும்புங்க, உங்க கேஸுதான ஓடுது!”

“நான் பாக்கல மேடம். அதுல டீச்சர் இருக்காவல்லா.”

“நிறுத்தித்தான் வச்சிருக்கேன். சுவரும் மரமும் மட்டுந்தான் தெரியுது.”

“இருக்கட்டும் மேடம். பாக்க மாட்டேன்.”

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றுகிற ஒரே சாட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திருட்டுப் போன பைக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார் அந்த மனுஷன். கடைசியில் வண்டி நின்ற இடத்தை வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். “உங்க பேருல கேஸ் ஒண்ணும் நிக்காது, நீங்க போலாம்” என்றார் எஸ்.ஐ. இடித்த வண்டி எந்த ஊர் என்று அங்கேயே தேட ஆரம்பித்துவிட்டார். அந்த அக்காவுக்கு வைத்தியச் செலவாவது கிடைக்கும்.

வீட்டுக்கு வந்தபோது ஹாலில் எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டேஷனுக்குப் போனதை நாத்தனாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன், அது போதும். யாரும் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

“எத்தன பேரு பாத்தாவ?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஸ்டேஷன்லயா? ஒரே ஒரு பொம்பளப் பிள்ள. இந்த ஹால்லதான் நாலு பேரு பாத்திய.”

கொழுந்தன் மறுபடியும் காலண்டர் பக்கம் திரும்பினான்.

“அந்த டிரைவருக்கு என்னாச்சு?” என்று அதற்குப் பிறகுதான் கேட்டார் என் வீட்டுக்காரர்.